அங்காடியிலிருந்து மலைக்கு: ஆலுவா – மூணாறு நெடுஞ்சாலை

தாயகத்தைவிட்டு வேற்று மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ் மக்கள் ஒருவரையொருவர் சந்திக்கும்போது முதலில் ஊரைக் கேட்கிறார்கள். ஊரைச் சொன்னதும், எந்த வழியாகப் போகவேண்டும் என்று கேட்கிறார்கள். ஒரு மக்கட்கூட்டம் எங்கே வாழ்கிறது என்பதை ஊரின் பெயர் தெரிவிக்கும். அது எவ்வாறு அங்கே வந்து சேர்ந்தது என்பதை அறியவேண்டுமானால் வழியைத்தான் கேட்கவேண்டும். கேரள மாநிலத்தின் மாநில நெடுஞ்சாலைகளுள் 16-ஆம் எண் பெற்றுள்ள ஆலுவா – மூணாறு சாலையைப் பற்றி இன்று நாம் சிந்திப்போம். ஏறத்தாழ 110 கிலோமீட்டர் நீளமுள்ள இச்சாலை, கேரளத்தின் கடலோர வாணிகத்தையும் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருக்கிறது.

சாலை ஆலுவாவில் தொடங்குவதாக ஆவணங்கள் கூறும். ஆனால் அதன் உண்மையான அடிவாரம் இன்னும் சற்று மேற்கே, கடலை ஒட்டி, மட்டாஞ்சேரியின் தெற்குப் பகுதியாகிய கொச்சங்காடியில் இருக்கிறது எனலாம். கொச்சியின் அங்காடி கொச்சங்காடி. அங்காடி என்ற சொல்லுக்குத் தமிழ் நேயர்களிடம் விளக்கம் வேண்டுவதில்லை. நாளங்காடி என்றும் அல்லங்காடி என்றும் பகற்கடையையும் இரவுக்கடையையும் பிரித்துப் பெயரிட்ட மொழி நம்முடையது. அந்தப் பழஞ்சொல் இன்று நம் பேச்சில் அருகிப்போயினும் மலையாள நாட்டின் ஊர்ப்பெயர்களில் அழியாமல் வாழ்கிறது.

கொச்சங்காடி எழுந்த கதை ஒரு வெள்ளத்தோடு தொடங்குகிறது. 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்தது. முசிறித் துறையின் முகம் மணலால் தூர்ந்தது. தெற்கே கொச்சியில் கடலும் காயலும் கூடும் வாய் அகன்றது என்பது வரலாற்றாளர் பலரும் கொண்ட கருத்து. வணிகர் துறையைத் தேடி நகர்ந்தனர். அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளுக்குள்ளாகவே கொச்சங்காடியில் யூதர்கள் ஒரு தொழுகைக்கூடம் கட்டினார்கள். அதன் எபிரேயக் கல்வெட்டு 1344–45-ஆம் ஆண்டைச் சுட்டுகிறது. கூடம் அழிந்துவிட்டது; கல் மட்டும் மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூதக் கோவிலின் சுற்றுச்சுவரில் பதிக்கப்பட்டு நிற்கிறது. அதே கொச்சங்காடியில் செம்பிட்ட பள்ளி என்ற பழமையான மசூதியும் உண்டு. செம்புத் தகடு வேய்ந்த பள்ளிவாசல் என்பது பெயரின் பொருள். தமிழறிந்தவர்க்கு இப்பெயரும் தானே விளங்கும்.

இந்த அங்காடியில் விலைபோனவை மலைப்பொருள்களே. மிளகும் ஏலமும் இஞ்சியும் பின்னாளில் தேயிலையும் கடற்கரையில் விளைவதில்லை. அவை மலையில் விளைந்து, ஆற்றிலும் ஓடத்திலும் தலைச்சுமையிலும் மாட்டு முதுகிலும் இறங்கிவந்து இங்கே குவிந்தன. மட்டாஞ்சேரியின் அங்காடித் தெருவில் காயலைப் பார்த்தபடி நிற்கும் பண்டகசாலைகள் அந்த வரவுக்குச் சான்று. இந்திய மிளகு மற்றும் நறுமணப்பொருள் வணிகச் சங்கம் 1957-இல் மட்டாஞ்சேரியில் தோன்றியதும் இந்தத் தொடர்ச்சியினால்தான். மலையும் அங்காடியும் இவ்வாறு நெருங்கிய உறவு கொண்டிருந்தும், அவ்விரண்டையும் இணைக்கும் நல்ல சாலை ஒன்று இருபதாம் நூற்றாண்டின் நான்காவது பத்தாண்டில்தான் முழுமை பெற்றது. இந்தத் தாமதத்தின் காரணத்தை ஆராய்ந்தால், சாலையின் கதையில் தமிழர் பெற்ற பங்கு தெளிவாகும்.

தாமதத்திற்கு ஒரு காரணம் அரசியல். கொச்சங்காடி கொச்சி மன்னரின் நாட்டில் இருந்தது. அதற்குச் சில கிலோமீட்டர் வடக்கிலிருந்த கோட்டைக் கொச்சி ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில், சென்னை மாகாணத்தின் துண்டு நிலமாக இருந்தது. ஆலுவாவும் அதற்குக் கிழக்கிலுள்ள மலைகளும் திருவிதாங்கூருக்கு உரியவை. ஒரு மூட்டை ஏலம் மலையிலிருந்து கப்பலுக்குப் போவதற்குள் மூன்று ஆட்சிகளைக் கடக்கவேண்டும். 1865-இல் மூன்று அரசுகளும் செய்துகொண்ட உடன்படிக்கையால் சுங்கத் தொல்லை பெரிதும் குறைந்தது என்பது உண்மை. ஆயினும் தன் மலையின் செல்வத்தை அயல் அரசின் துறைமுகத்துக்கு இறக்கிவிடப் பொதுப்பணம் செலவிட்டு அகலச்சாலை போடும் ஆர்வம் எந்த அரசுக்கும் எளிதில் வராது.

இன்னொரு காரணம், மலை அப்போது கிழக்கு நோக்கி இருந்தமை. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். அஞ்சுநாட்டுப் பகுதியில் தலைவராயிருந்த கண்ணன் தேவர் என்பவரின் பெயரையே அம்மலை தாங்கியிருப்பதாகக் கூறுவர். 1880-இல் ஷார்ப் என்ற தோட்டக்காரர் பார்வதி என்னும் இடத்தில் முதன்முதலாகத் தேயிலை பயிரிட்டார். 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவாயிற்று. காட்டை வெட்டவும் கன்று நடவும் கொழுந்து பறிக்கவும் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆட்கள் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து வந்தார்கள். மழை பொய்த்த ஊர்களிலிருந்தும், நிலமில்லாத குடிகளிலிருந்தும், சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட சேரிகளிலிருந்தும் வந்தார்கள். கங்காணி முன்பணம் கொடுத்து அவர்களைத் திரட்டினார். போடிநாயக்கனூர் வரை சமவெளியில் நடந்து, அங்கிருந்து கொட்டகுடி வழியாகச் செங்குத்தான ஒற்றையடிப்பாதையில் ஏறினார்கள். மூன்று ஆறுகள் கூடுமிடம் மூணாறு. முதிரைப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்பன அம்மூன்று. பெயரிலேயே தமிழ் ஒலிக்கும் அவ்வூருக்குத் தமிழர் வந்த வழி கிழக்கு வழியே ஆகும்.

ஆட்கள் ஏறிய வழியிலேயே சரக்கு இறங்கியது. 1902-இல் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் இழுக்கும் வண்டிப்பாதை அமைந்தது. 1908-இல் அது இரண்டடி அகலமுள்ள சிறு இரயில்பாதையாக மாற்றப்பட்டு, நீராவி எஞ்சின் ஓடிற்று. தேயிலைப் பெட்டிகள் அதில் ஏறி மலையின் விளிம்பாகிய டாப் ஸ்டேஷனை அடையும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டே கொட்டகுடிக்கு இறங்கும். பின்னர் மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர், அப்பால் இரயிலடி, முடிவில் தூத்துக்குடித் துறைமுகம். ஆக, இன்று கேரளத்தின் பெருமைகளுள் ஒன்றாகப் பேசப்படும் மூணாற்றுத் தேயிலை, தன் முதல் வாழ்வில் தமிழ்நாட்டின் தூசி படிந்தே உலகச்சந்தைக்குப் போயிற்று.

மேற்கே ஒரு பாதை அறவே இல்லை என்று கொள்ளவேண்டா. ஆலுவாவிலிருந்து கோதமங்கலம், தட்டேக்காடு, பூயங்குட்டி, மாங்குளம் வழியாக மூணாற்றுக்கு ஒரு பாதை இருந்தது. அரசபாதை என்று அதனை இன்றும் மக்கள் அழைக்கிறார்கள். சரிவு மென்மையாக அமைந்து, பெரும்பாலும் ஆற்றை ஒட்டியும் அடர்ந்த காட்டினூடேயும் அது சென்றது.

1924-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மலைகளில் இடைவிடாத மழை கொட்டியது. கொல்லம் ஆண்டு 1099 ஆகையால் கேரள மக்கள் அதனைத் ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ என்று நினைவு கூர்கிறார்கள். மூணாறு நகரம் மூழ்கியது. குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் உருத்தெரியாமல் போயிற்று. அது மறுபடி கட்டப்படவே இல்லை. மேற்கே அரசபாதையில் கரிந்திரி மலை சரிந்து வழியை விழுங்கிற்று. ஒரே மழையில் கிழக்குவாயிலின் இரயிலும் மேற்குவாயிலின் பாதையும் ஒருங்கே அழிந்தன. மலை தன் இரு கதவுகளையும் இழந்து நின்றது.

எந்தக் கதவை முதலில் திறப்பது என்ற கேள்விக்கு விடை சொல்ல, கடற்கரையில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. 1920-இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, துறைமுகத்தின் வாயை அடைத்திருந்த மணற்றிட்டை வெட்டி ஆழமாக்கும் பணியில் ஈடுபட்டிருந்தார். 1928 மே மாதத்தில் ‘பத்மா’ என்னும் நீராவிக்கப்பல் அந்தப் புதிய வழியாக உள்ளே நுழைந்தது. தோண்டியெடுத்த மணலைக் கொட்டி வில்லிங்டன் தீவு உருவாக்கப்பட்டது. மட்டாஞ்சேரிக்கு எதிரிலேயே, காயலின் நடுவே, பெருங்கப்பல்கள் அணையும் துறை எழுந்தது. 1936-இல் கொச்சி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. மலைக்குக் கடல் இப்போது மேற்கே மிக அருகில் வந்துவிட்டது. போடி இறங்கி தூத்துக்குடி சேரும் நீண்ட வழியைவிட, கோதமங்கலம் இறங்கிக் கொச்சி சேரும் வழி குறுகியதாயிற்று.

திருவிதாங்கூர் அரசும் மனம் மாறியது. 1924 முதல் 1931 வரை அரசின் பொறுப்பை ஏற்று நடத்திய சேது லட்சுமி பாயி காலத்தில் ஒரு புதிய சாலை வகுக்கப்பட்டது. சரிந்த பழைய பாதையைச் சீர்செய்யாமல், தெற்கே வேறு முகட்டில், கோதமங்கலத்திலிருந்து நேரியமங்கலம், அடிமாலி வழியாக ஏறும் சாலையைத் தேர்ந்தார்கள். 1931-இல் சாலை திறக்கப்பட்டது. அதன் நினைவாக நாட்டப்பட்ட ‘ராணிக்கல்’ நேரியமங்கலத்துக்கு அருகே இன்றும் இருக்கிறது. வழியில் பெரியாறு குறுக்கிட்டது. அதன்மேல் ஐந்து வளைவுகளைக் கொண்ட பாலம் எழுந்தது. சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த சுர்க்கிச் சாந்தும் அதன் கட்டுமானத்தில் சேர்ந்தது. 1935 மார்ச்சு மாதத்தில் அது திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து மீட்டர் அகலமே உள்ள அந்தப் பாலம், மாட்டுவண்டிக் காலத்தின் கணக்கில் கட்டப்பட்டு, சரக்கு லாரிக் காலத்தையும் சுற்றுலா வண்டிக் காலத்தையும் தாங்கி வந்திருக்கிறது. ஆலுவாவிலோ, பெரியாற்றின்மீது மார்த்தாண்டவர்மா பாலம் 1940-இல் திறக்கப்பட்டது. இவ்வாறு மலையிலிருந்து துறைமுகம்வரை ஆற்றின் தடைகள் நீங்கின.

தேயிலையின் முகம் கிழக்கிலிருந்து மேற்குக்குத் திரும்பியது. 1947-இல் கொச்சியில் தேயிலை ஏலச்சந்தை தொடங்கியது அத்திருப்பத்தின் முத்திரையாகும். கிழக்கேயோ, 1928-இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு இரயில் வந்தது. ஆனால் அது வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே மலைமேலிருந்த சிறு இரயில் மறைந்துவிட்டது. இரண்டும் சந்தித்திருந்தால் சரக்கின் வரலாறு வேறாயிருக்கக்கூடும். போடி தேயிலையை இழந்தாலும் ஏலக்காயை இழக்கவில்லை. ஏலமலையின் விளைச்சலுக்கு இன்றளவும் அது பெருஞ்சந்தையாக விளங்குகிறது.

இனி இன்றைய சாலையில் சற்றே பயணம் செய்வோம். ஆலுவாவிலிருந்து கிழக்கே பெரும்பாவூர். மரத்தொழிலும் ஒட்டுப்பலகை ஆலைகளும் நிறைந்த ஊர். அங்கே அசாமியரும் ஒடியரும் வங்காளியரும் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். வேற்று மாநிலத்தில் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பும் வாழ்வு இன்னதென்று அறிந்த நம் நேயர்கள், அவர்களைத் தம் உறவினராகவே கருதலாம். அடுத்து ரப்பர்த் தோப்புகளின் நடுவே கோதமங்கலம். கொச்சியிலிருந்து திருப்பூணித்துறை, மூவாற்றுப்புழை வழியாக வரும் தேசிய நெடுஞ்சாலை இங்கே வந்து கலக்கிறது. அதன்பின் இரண்டும் ஒன்றே. பழைய கணக்கில் 49 என்றும், 2010-இல் எண்கள் மாற்றியமைக்கப்பட்டபின் 85 என்றும் வழங்கும் அந்தச் சாலை, மூணாறு, போடிமெட்டு, தேனி, மதுரை, சிவகங்கை வழியாகத் தொண்டிக் கடற்கரையை அடைகிறது. மேற்குக் கடலின் துறையையும் கிழக்குக் கடலின் துறையையும் ஒரே எண் இணைக்கிறது.

நேரியமங்கலம் பாலத்தைக் கடந்ததும் ஏற்றம் தொடங்கும். சீயப்பாறை, வாளறை ஆகிய அருவிகள் சாலையோரத்திலேயே விழுகின்றன. அடிமாலியில் ஏலமும் மிளகும் மணக்கும். மேலும் ஏற ஏற மூங்கிலும் காடும் குறைந்து, கத்தரித்த தேயிலைப் பரப்பு கண்ணை நிறைக்கும். மூணாற்றைக் கடந்து தேவிகுளம், பூப்பாறை வழியாகப் போடிமெட்டில் கேரள எல்லை முடிகிறது. அங்கிருந்து பதினேழு கொண்டையூசி வளைவுகளில் இறங்கினால் போடிநாயக்கனூர். மூணாறு – போடிமெட்டுப் பகுதி ஏறத்தாழ 42 கிலோமீட்டர் தூரம் அகலமாக்கப்பட்டு 2024 சனவரியில் திறந்துவைக்கப்பட்டது. போடிக்கு அகலப்பாதை இரயில் 2023 சூனில் வந்து சேர்ந்தது. நூறு ஆண்டுகள் மேற்கையே பார்த்திருந்த மலையின் கிழக்குக் கதவு மீண்டும் அகலத் திறந்திருக்கிறது.

அன்பர்களே, சாலைகளின் வரலாற்றைத் தூரக்கணக்கோடும் திறப்புவிழா நாளோடும் முடித்துவிடுவது வழக்கம். அதனோடு நிறைவடைய நம்மால் இயலாது. சாலை யாருக்காகப் போடப்பட்டது, யாருக்குப் பயன்பட்டது என்ற கணக்கையும் பார்க்கவேண்டும். மூணாற்றுச் சாலைகள் யாவும் சரக்குக்காகப் போடப்பட்டவை. தேயிலைப் பெட்டி விரைந்து கப்பலேறவேண்டும் என்பதே நோக்கம். பெட்டியை நிரப்பிய கைகளுக்கு அந்தச் சாலை என்ன கொண்டுவந்தது?

சில நன்மைகளைக் கொண்டுவந்தது; அதை மறுப்பதற்கில்லை. மருத்துவமனையும் பள்ளியும் தொழிற்சங்கமும் சாலை வழியே வந்தவைதாம். 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடும் மருத்துவமும் தரவேண்டிய கடமையை முதலாளிகள்மேல் சுமத்திற்று. ஆனால் லயம் என்று வழங்கும் வரிசைவீடுகள் தொழிலாளர்க்குச் சொந்தமல்ல. வேலை உள்ளவரை குடியிருக்கலாம். ஓய்வு பெற்றால் வெளியேறவேண்டும். மூன்று நான்கு தலைமுறை மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்க்குச் சமவெளியில் திரும்பிப்போக நிலமும் இல்லை, வீடும் இல்லை. ஆகவே ஒரு பிள்ளையாவது தோட்டவேலையில் சேர்ந்து வீட்டைக் காப்பாற்றவேண்டிய நிலை பல குடும்பங்களுக்கு ஏற்பட்டது.

எல்லைக்கோடும் அவர்கள் வாழ்வினூடே சென்றது. மொழிவழி மாநிலங்கள் பிறந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்துடன் சேர்க்கவேண்டும் என்ற கிளர்ச்சி 1954-இல் திருவிதாங்கூர்–கொச்சி நாட்டில் ஓங்கியது. 1956 நவம்பர் முதல் நாளில் கன்னியாகுமரிப் பகுதி வட்டங்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. மலைவட்டங்கள் கேரளத்தில் நின்றன. 1972-இல் இடுக்கி மாவட்டம் அமைந்தபோது அவை அதனுள் அடங்கின. கிளர்ச்சியின் நியாய அநியாயத்தை இங்கே நாம் எடைபோட வரவில்லை. எல்லையின் இருபுறமும் உறவினர் இருக்கும் மக்களுக்குச் சாலை திறந்திருப்பதே முதற்பெரும் உரிமை என்பதை மட்டும் சொல்கிறோம். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாற்றுப் பூசல் முற்றி எல்லைச்சாலைகளில் போக்குவரத்து நின்றபோது, அணையோடு யாதொரு தொடர்புமில்லாத கூலித்தொழிலாளரே பெரிதும் அல்லலுற்றார்கள்.

அந்தச் சாலை ஒருமுறை தொழிலாளரின் குரலைத் தாங்கும் மேடையாகவும் ஆயிற்று. 2015 செப்டம்பரில் மிகையூதியம் குறைக்கப்பட்டதை எதிர்த்துத் தோட்டப்பெண்கள் ஆயிரக்கணக்கில் மூணாற்றில் சாலையில் வந்து அமர்ந்தார்கள். பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்று தமக்குப் பெயரிட்டுக்கொண்டு, ஆண்தலைவர்களை விலக்கி, ஒன்பது நாட்கள் தாமே போராட்டத்தை நடத்தினார்கள். மிகையூதியம் 20 விழுக்காடாகத் திரும்பக் கிடைத்தது. அப்போது நாட்கூலி 232 ரூபாய். அவர்கள் கேட்டது 500 ரூபாய். பின்னர் நடந்த பேச்சில் 301 ரூபாய் ஆயிற்று. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லையாயினும், கொழுந்துக் கூடையின் கனத்தை நாடு முழுவதும் அறிந்தது.

ஐந்தாண்டு கழிந்து, 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவில், மூணாற்றுக்கு வடக்கே பெட்டிமுடித் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது உயிர்கள் போயின. மாண்டவர்கள் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. மின்சாரமும் தொலைபேசியும் அறுந்திருந்தமையால் செய்தி மறுநாள் காலையில்தான் வெளியே எட்டியது. வழியிலே பாதையும் பாலமும் சேதமுற்றிருந்தமையால் மீட்புப்படை போய்ச்சேரவும் நேரமாயிற்று. பெருஞ்சாலை மூணாறுவரை சிறப்பாக வந்திருந்தது. அதிலிருந்து பிரிந்து லயத்தின் வாசலுக்குப் போகும் கடைசிச் சிறுவழிதான் அன்று மக்களைக் கைவிட்டது.

மலைச்சாலைக்கு இயற்கையின் கணக்கும் ஒன்று உண்டு. சரிவின் அடிவாரத்தை வெட்டி அகலப்படுத்தினால் மேலேயுள்ள மண் தன் தாங்கலை இழக்கிறது. மழைநீர் வடியும் ஓடைகளை மண்கொட்டி மூடினால் நீர் மண்ணுக்குள்ளே இறங்கி அதனைக் கனக்கச் செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் சரிவு நிச்சயம். 2018 ஆகஸ்டின் பெருவெள்ளத்தில் மூணாற்றுச் சாலைகள் பல இடங்களில் துண்டுபட்டன. 2025 அக்டோபரில் அடிமாலிக்கு அருகே நெடுஞ்சாலையை ஒட்டிய குன்று சரிந்து வீடுகளின்மேல் விழுந்து ஓர் உயிர் பலியாயிற்று. ஆகவே, நேரியமங்கலம் முதல் வாளறை வரையில் 14.5 கிலோமீட்டர் காட்டுப்பகுதியை அகலமாக்கும் பணி வழக்குமன்றம் ஏறியதிலும், 2025 சூலையில் கேரள உயர்நீதிமன்றம் அப்பணியை நிறுத்தி ஆணையிட்டதிலும் வியப்பில்லை. அதே காட்டின் வடபுறத்தில் கிடக்கும் பழைய அரசபாதையை மறுபடி திறக்கவேண்டும் என்று மாங்குளம், பூயங்குட்டிப் பகுதி மக்கள் கேட்கிறார்கள். யானைகளின் இருப்பிடமாகிய காடு கெடும் என்று வனத்துறை தயங்குகிறது. அப்பாதையின் வழியிலுள்ள தட்டேக்காடு 1983 முதல் பறவைச் சரணாலயமாக விளங்குகிறது.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. மழைக்காலத்தில் நோயாளியைத் தோளில் தூக்கிச்செல்லும் மக்களிடம் காட்டின் பெருமையை மட்டும் பேசிப் பயனில்லை. காட்டை அழித்து அகலச்சாலை போட்டால் அந்தச் சாலையையும் மழை கொண்டுபோகும் என்பதற்கு 1924 சாட்சி. நம் கருத்து இது: புதிய அகலத்தைத் தேடுமுன் உள்ள சாலையில் வடிகாலும் தாங்குசுவரும் சிறுபாலமும் செம்மையாக இருக்கவேண்டும், லயங்களுக்கும் பழங்குடி ஊர்களுக்கும் போகும் சிறுவழிகள் எக்காலமும் நடக்கக்கூடியனவாக இருக்கவேண்டும். மூணாற்றுக்கு வரும் சுற்றுலாப் பயணி அரைமணி நேரம் தாமதமாக வந்தால் பெரிய இழப்பில்லை. மருத்துவர் அரைமணி தாமதித்தால் இழப்பை ஈடுசெய்ய முடியாது.

நிறைவாக, மீண்டும் கொச்சிக் கரைக்கு வருவோம். கோட்டைக் கொச்சியில் வெளி என்ற பகுதியில் வண்ணார் குடும்பங்கள் இன்றும் துணி வெளுக்கின்றன. டச்சுக்காரர் தம் படைவீரரின் உடைகளை வெளுக்கத் தமிழ்நாட்டுப் பகுதியிலிருந்து தம் முன்னோரை அழைத்துவந்ததாக அவர்கள் கூறுகிறார்கள். 1976-இல் கொச்சி வளர்ச்சி ஆணையம் அவர்களுக்கென ஒரு துறைக்கூடம் கட்டித் தந்தது. பல தலைமுறை கடந்தும் அங்கே தமிழ் ஒலிக்கிறது. மலையுச்சியில் கொழுந்து பறிக்கும் கையும் கடற்கரையில் துணி வெளுக்கும் கையும் ஒரே மொழியில் தம் அன்றாடத் துன்பத்தைப் பேசுகின்றன. நடுவே 130 கிலோமீட்டர் சாலை ஓடுகிறது.

நேயர்களே, நீங்கள் எந்த மாநிலத்தில் இருந்தாலும் உங்கள் ஊரிலிருந்து உங்களைக் கொண்டுவந்த வழி ஒன்று இருக்கும். அதனைப் போட்டவர் யார், அது யாருக்காகப் போடப்பட்டது, அதில் முதலில் நடந்தவர் யார் என்று உங்கள் வீட்டு முதியோரைக் கேட்டு எழுதிவையுங்கள். அரசாங்கக் கல்வெட்டுகள் சாலையைத் திறந்தவரின் பெயரைச் சொல்லும். அதில் சுமையோடு ஏறியவரின் பெயரை வீட்டாரே சொல்லவேண்டும், வேறெவரும் சொல்லமாட்டார்கள்.